நூத்தி இருபத்தெட்டாம் பக்கம்

உளுந்தப் போட்டு சுவிச்சத் தட்டிட்டா செல்லக்கனிக்கு நாப்பது நிமிசம் ராணி உத்தியோகம். கல்லு சுத்தும், அவ முக்காலியில உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும், நாலு நிமிசத்துக்கு ஒருக்க ஒரு கை தண்ணி தெளிக்கணும், ஓரத்துல ஒட்டுனத வழிச்சு விடணும், அம்புட்டுத்தான். எந்திரிச்சுப் போகவும் முடியாது, சும்மா உக்காரவும் முடியாது. அப்படித்தான் அஞ்சாங்கிளாஸ்ல விட்ட படிப்ப நாப்பத்திரெண்டு வயசுல தொடர்ந்தா. வீட்டுக்காரரு செத்த வருசம் கிரைண்டர் வாங்குனா, கிரைண்டர் வாங்குன வருசம் நாவல் படிக்க ஆரம்பிச்சா, ரெண்டுமே சத்தத்துக்குத்தான், வீடு ரொம்ப அமைதியாப் போயிருச்சுல்லா. மொத நாவல முடிக்க இருவத்தியோரு ஈடு உளுந்து ஆச்சு, கதாநாயகி மாடிப்படி ஏறி முடிக்கதுக்குள்ள இங்கன நாலு கிலோ அரைச்சாச்சு. இப்பம்லாம் ரெண்டு நாளைக்கு ஒரு புக்கு. படிச்ச புக்குல எல்லாம் மாவுக் கை பட்டு பக்கத்து ஓரம் மொறுமொறுன்னு இருக்கும். தங்கப்பழம் அண்ணாச்சி லைப்ரரில வச்சு அந்த ஓரத்தத் தொட்டுப் பாத்தே, இது நாம படிச்சதுன்னு அவ கண்டுபிடிச்சிருவா. கல்லு கடகடன்னு சுத்துது. மடியில புக்கு கெடக்கு. இன்னைக்கு மட்டும் அதத் தொறக்க கை வரல. ஒரு கை தண்ணி தெளிச்சா, இன்னும் தெளிக்க வேண்டிய நேரங்கூட வரல.

தொறக்காம என்ன, அட்டையப் பாத்தாலே தெரியுது. செவப்புச் சேலை கட்டுன பிள்ளை அழுதுக்கிட்டு நிக்கா, பின்னால கோட்டு போட்டவன் மொறைக்கான். கட்டாயக் கல்யாண ரகம். இந்த ரகத்துல எல்லாம் ஒரே சங்கதிதான், தாலியக் கட்டி இழுத்துட்டு வருவான், கத்துவான், தட்டத் தூக்கி எறிவான், கைய முறுக்குவான், இவ கண்ணீரு விட்டுக்கிட்டே அவன் சட்டைக்கு இஸ்திரி போடுவா, கடைசியில அவனுக்கு சின்ன வயசுல அம்மா இல்லன்னு தெரிஞ்சதும் எல்லாஞ் சரியாயிரும். அம்மா இல்லாதவன் எல்லாம் தட்டெறிஞ்சா நாட்டுல தட்டு மிஞ்சுமா. இத அவ ஒரு புக்கோட கடைசிப் பக்கத்துல எழுதியே வச்சிருக்கா. அண்ணாச்சி லைப்ரரில அது ஒரு வழக்கம். கதை முடிஞ்ச பொறவு கடைசிப் பக்கத்துல பாதி காலியாக் கெடக்கும்லா, படிச்சவங்க அங்கன மனசுல பட்டத எழுதி வச்சிட்டுக் குடுப்பாங்க, எடுக்கவங்க ஏமாறக் கூடாதுன்னு. பேரு போடக் கூடாது, பென்சில்லதான் எழுதணும், கடைசிப் பக்கத்த மொதல்ல பொரட்டக் கூடாது, இதெல்லாம் எவரும் போட்ட சட்டமில்ல, தானா வந்தது. பச்சைப் பென்சில்ல ஒருத்தர் எப்பவும் எழுத்துப்பிழைய மட்டும் எண்ணி எழுதுவாரு, வாத்தியாரா இருந்திருப்பாரு பாவம், காதலிக்கவங்க நடுவுலயும் கொம்பையும் புள்ளியையும் தேடிக்கிட்டுத் திரியுதாரு. செல்லக்கனிக்கு வீட்டுல பென்சிலே கெடையாது. மாவு வித்த கணக்கு நோட்டுல நூலு கட்டித் தொங்குத பால்பாயிண்ட் பேனாதான். அண்ணாச்சி நூறு தடவ சொல்லிட்டாரு, "யம்மா, பென்சில்ல எழுதுங்க, நாளைக்கு அழிக்கணும்னா அழிக்கலாம்." "நான் சொன்னதுல அழிக்க என்ன அண்ணாச்சி இருக்கு"ன்னு கேட்டவ இவ. கேட்டுட்டு சிரிச்சவளும் இவதான்.

அப்புறம் இருந்தா அந்த மைப் பென்சில்காரி. புருவத்துக்குத் தீட்டுத பென்சில்ல எழுதுவா, காப்பி நெறத்துல, லேசாத் தடவுனா கையில ஒட்டும். அவ யாரு, வயசென்ன, ஒண்ணுந் தெரியாது. மாவு ஒட்டுன பக்கத்தப் பாத்து இவளை அவளுக்குத் தெரியும், மையப் பாத்து அவளை இவளுக்குத் தெரியும், அஞ்சு வருசப் பழக்கம், மூஞ்சி பாத்ததில்ல. ராஜா காலத்துக் காதல் ஒண்ணு, இளவரசியக் குதிரையில தூக்கி வச்சு ஏழு அத்தியாயம் ஓட்டுதான். குதிரைக்கு யாரு தண்ணி காட்டுனதுன்னு செல்லக்கனி எழுதிருந்தா. அடுத்த சுத்துல கீழ மை எழுத்து, குதிரைய விடுங்க, அந்தப் பிள்ளை ஏழு அத்தியாயமா ஒண்ணுக்குப் போகலன்னு. அன்னைக்கு சிரிச்ச சிரிப்புல உளுந்து பொங்கி வெளிய வழிஞ்சிருச்சு. டாக்டர் காதல்ல, ஆபரேசன் நடக்கையிலயே ரெண்டு பேரும் கண்ணால பேசிக்கிடுதாங்க, நோயாளி பொழைச்சானா இல்லையான்னு கடைசி வரைக்கும் ஒரு வார்த்த சொல்லலன்னு மை எழுத்து. வெளிநாட்டு மாப்பிள்ள கதையில பக்கத்துக்குப் பக்கம் பனி கொட்டுது, அங்கன துணி எப்படித்தான் காயும்னு இவ. ஆவிக் காதல்னு ஒண்ணு, செத்துப் போன காதலன் கண்ணாடிக்குள்ள இருந்து எட்டிப் பாக்கான், செத்த பொறவும் நிம்மதியா விடமாட்டானான்னு இவ பேனாவுல எழுதிட்டா. அதுக்குக் கீழ அவ எழுதிருந்தா, இவன் அடிக்கல, அதனால நல்ல ஆவி. அதையும் படிச்சிட்டு சிரிச்சால்லா இவ. நல்லா வாய்விட்டு சிரிச்சா. பக்கத்து வீட்டுப் பொன்மதியக் கூப்பிட்டு வேற படிச்சுக் காட்டுனா. இப்பம் அந்த அஞ்சு வார்த்தையும் முள்ளு மாதிரி குத்துது. எதுக்கு அவ அடிக்கலன்னு எழுதணும். ஆவியப் பத்திச் சொல்ல எம்புட்டோ இருக்கு, கால் இல்ல, நெழல் இல்ல, சோறு வேண்டாம், செலவில்ல. இவளுக்குன்னா அதெல்லாந்தான் தோணிருக்கும். அவளுக்கு மொதல்ல தோணுனது அடி.

தண்ணி. ஒரு கை. மாவு ஓரத்துல ஏறி ஒட்டுது, வழிச்சு விட்டா. காலையில அண்ணாச்சி என்ன சொன்னாரு. ஸ்டூல்ல ஒரு கட்டு புக்கு கெடந்துச்சு, சணல் கயிறு போட்டுக் கட்டி. "மெம்பர் அட்டை எரநூத்திப் பன்னெண்டுக்காரன் வந்து போட்டுட்டுப் போனான், ஆடியில எடுத்த புக்கு, சித்திரையில வருது, கேட்டா மொறைக்கான்." எரநூத்திப் பன்னெண்டு யாருன்னு இவளுக்கு என்ன தெரியும். கட்டப் பிரிச்சு மேல கெடந்தத எடுத்தா, இந்த செவப்புச் சேலை. சும்மா பொரட்டும்போது மை. பக்கத்துல எல்லாம் காப்பி நெற மை. "அண்ணாச்சி, இத எடுத்துட்டுப் போவாள்லா, அந்தப் பொம்பள வரலையா?" "இனிமே வேண்டாம்னான், அட்டைய முடிச்சிட்டான்." "ஏன் வேண்டாமாம்?" "நான் என்ன, போலீசா. வேண்டாம்னா வேண்டாம்." "அவ பேரு என்னன்னாச்சும் பாருங்க அண்ணாச்சி." அண்ணாச்சி நோட்டப் பொரட்டுனாரு. "கே. செபஸ்தியான்." "அது அவன் பேரு. அவ பேரு?" "ஏம்மா, உங்க அட்டையே உங்க வீட்டுக்காரரு பேருலதான இருக்கு." ஆமா, அதுவும் நெசந்தான். அட்டை போட வந்தன்னைக்கு வீட்டுக்காரரு பேரு கேட்டாரு, செத்துப் போயிட்டாருன்னா, ஆளுதான செத்தாரு, பேரு சாகல்லலா, சொல்லுங்கன்னு எழுதிக்கிட்டாரு. லைப்ரரியில நாவல் எடுத்துப் படிக்கது எல்லாம் பொம்பளைங்க, நோட்டப் பாத்தா ஊரு ஆம்பளைங்க எல்லாம் காதல் கதை படிச்சே உருகிப் போயிருக்காங்கன்னு நெனைக்கத் தோணும். விலாசத்துல துறைமுகத்துப் பக்கம்னு மட்டும் எழுதிருக்கு. அண்ணாச்சிக்கு வீடு தெரியாது. அவளைத் தெரியுமான்னு கேட்டதுக்கு, "தலையக் குனிஞ்சுக்கிட்டே வரும், குனிஞ்சுக்கிட்டே போகும், முக்காடு போட்டிருக்கும்"னாரு. இந்த வெயில்ல எதுக்கு முக்காடு. செல்லக்கனி அதுக்கு மேல கேக்கல. இவளுந்தான் ஒரு காலத்துல கழுத்து மூடுன ரவிக்கையா தச்சுப் போட்டா, ஃபேசன்னு சொல்லிக்கிட்டு.

இவ வீட்டுக்காரரு சுந்தரவேலு, உப்பு லாரி ஓட்டுனவரு. நல்ல மனுசர்தான், ஊருக்கு. வீட்டுக்குள்ள கை நீளம். செல்லக்கனிக்கு வாய் நீளம், அதனால தெருவுல எவருக்கும் தெரியாது. உதடு கிழிஞ்ச அன்னைக்கு, எங்க வீட்டு பாத்ரூமு மாதிரி வழுக்குத பாத்ரூமு இந்த ஜில்லாவுலயே கெடையாதுன்னு கொழாயடியில நின்னு சொன்னா, எல்லாரும் சிரிச்சாங்க. கண்ணு வீங்குன அன்னைக்கு, கதவு என்னைக் காதலிக்கு, வந்து வந்து முட்டுதுன்னா, அதுக்கும் சிரிச்சாங்க. ஒருத்தியாச்சும் சிரிக்காம ஒரு நிமிசம் நின்னு பாத்திருந்தா. நின்னிருந்தாலும் இவ இன்னொண்ணு சொல்லி சிரிக்க வச்சிருப்பா. பதினெட்டு வருசம் இப்படியே ஓடுச்சு, பொறவு வாதம் வந்து கெடந்து செத்தாரு. கடைசி மூணு மாசம் கைய அசைக்க முடியாமக் கெடந்தாரு, அந்த மூணு மாசந்தான் இவ பயப்படாம முதுகக் காட்டிப் படுத்தா. எழவு வீட்டுக்கு வந்தவங்ககிட்டயும் ஏதோ ஒண்ணு சொல்லி சிரிக்க வச்சா, என்ன சொன்னான்னு இப்பம் ஞாபகமில்ல. சிரிக்க வச்சது மட்டும் ஞாபகம் இருக்கு.

இந்தப் புக்குலதான் அதுவும் நடந்துச்சு. போன வருசம், ஆனியில. கதையப் படிச்சு முடிச்சிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு வந்தா, நூத்தி இருபத்தெட்டாம் பக்கம், பாதிக்கு மேல வெள்ளை. அங்கன மை எழுத்து, ஒரே ஒரு வரி. அக்கா, இந்த மாதிரி ஆளு நெசமாவே திருந்துவானா. அது வரைக்கும் அவ எதுலயும் அக்கான்னு எழுதுனதில்ல. கடைசி எழுத்துல பென்சில் முனை ஒடிஞ்சு பேப்பரக் கிழிச்சிருந்துச்சு, அம்புட்டு அமுக்கி எழுதிருக்கா. செல்லக்கனிக்கு அப்பமே தெரிஞ்சுது. தெரியலன்னு இன்னைக்கு சொல்ல முடியாது, நல்லாத் தெரிஞ்சுது, இதே முக்காலியில வச்சு. கதையப் பத்திக் கேக்கலைன்னு தெரிஞ்சுது. பதினெட்டு வருசம் இவ யாருகிட்ட கேக்கணும்னு தெரியாமக் கெடந்த கேள்வியில்லா அது. நூலப் பிடிச்சுப் பேனாவ இழுத்தா. என்ன எழுதிருக்கணும். இல்ல தாயின்னு எழுதிருக்கணும். ரெண்டு வார்த்த. அத எழுதணும்னா அவரு திருந்தலைன்னு மொதல்ல இவ எங்கயாச்சும் சொல்லிருக்கணும்லா. கை என்ன எழுதிச்சு. திருந்துவான் தாயி, நூத்தி இருபத்தெட்டாம் பக்கத்துல, அது வரைக்கும் பொறு. எழுதிட்டு, நல்லா இருக்குன்னு நெனைச்சா. அதுதான் கொல்லுது. நல்ல நக்கலுன்னு நெனைச்சா. மறுநா குடுத்துட்டு வந்தா. ஆடியில யாரோ ஒரு பிள்ளை படிச்ச புக்கையே திரும்ப எடுத்துட்டுப் போச்சுன்னு அண்ணாச்சி சொன்னப்போ, மைக்காரிதான், பதில் பாக்கத்தான் எடுத்திருக்கா, சிரிப்பான்னு நெனைச்சா. சிரிச்சிருப்பாளோ. அப்புறம் ஆவணி வந்துச்சு, ஐப்பசி வந்துச்சு, ஒரு புக்குலயும் மை இல்ல. ஊருக்குப் போயிருப்பா, பிள்ளை பெறப் போயிருப்பா, செல்போன்ல படிக்காளோ என்னவோ. மனசு எம்புட்டு சாக்கு வச்சிருக்கு, ரேசன் கடையில கூட அம்புட்டு சாக்கு இல்ல.

கல்லு சத்தம் மாறுது, மாவு கெட்டியாகுது. தண்ணி தெளிச்சா. தொறந்தா. கடைசிப் பக்கத்த மொதல்ல பொரட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா, நல்லதாப் போச்சு, மொதல்ல இருந்தே வருவோம். மூணாம் பக்கத்துலதான் கதை ஆரம்பிக்கி. பக்க நம்பருக்குப் பக்கத்துல ஒரு சின்ன டிக்கு, மையில. நாலாம் பக்கத்துலயும் ஒரு டிக்கு. அஞ்சு. ஆறு. பிள்ளைங்க கிறுக்குனதா இருக்கும். ஏழுல டிக்கு இல்ல, பெருக்கல் குறி. எட்டுல டிக்கு. கோட்டுக்காரன் கல்யாண மண்டபத்துல மொறைக்கான், செவப்புச் சேலை அழுதா, கதை கண்ணுல ஏறல, மூலையத்தான் பாக்கா. பதினொண்ணு பெருக்கல், பன்னெண்டு பெருக்கல், பதிமூணு டிக்கு. பத்தொம்போதுல டிக்குக்குப் பக்கத்துல ஒரு பொடி எழுத்து, இன்னைக்கு ஒண்ணும் இல்ல. கதையில ஒண்ணும் இல்லைங்கா போலன்னு ஒரு செகண்டு நெனைச்சா, அந்தப் பக்கத்துலதான் கோட்டுக்காரன் தட்டெறியுதான், எம்புட்டோ இருக்கு. அப்பந்தான் வெளங்குச்சு. நாளைக்கு ஒரு பக்கம். அவ கதை படிக்கல. பொறுன்னு சொன்னால்லா இவ, பொறுத்திருக்கா. ஒரு நாளு கழிஞ்சா ஒரு பக்கத்தப் பொரட்டிருக்கா, நல்ல நாளுக்கு டிக்கு, மத்த நாளுக்குப் பெருக்கல். நூத்தி இருபத்தெட்டாம் பக்கம் வரணும்னு.

அடிப் பாவி மவளே, கோட்டி பிடிச்சவளே, ஒரு மாவாட்டுதவ சொன்னதையா. பொரட்டுனா. கையில இருந்த ஈரம் பக்கத்துல பட்டு மை கரையுது, முந்தானையில கையத் தொடச்சா, பைய பொரட்டுனா. நாப்பதுல, மீன் கொழம்பு நல்லா இருக்குன்னான். அதுக்கு ரெண்டு டிக்கு போட்டிருக்கா. நாப்பத்தொண்ணு பெருக்கல். நாப்பத்திரெண்டு பெருக்கல். அம்பதுக்கு மேல டிக்கக் கண்ணால தேட வேண்டியிருக்கு. கதையில கோட்டுக்காரன் கோவத்துலயும் அழகா இருக்கான்னு எழுதியிருக்கு, அந்த வரிக்குக் கீழ அவ கோடு போட்டிருக்கா, ஒண்ணும் எழுதல, கோடு மட்டும். அறுவத்தாறுல பெருக்கலுக்குப் பக்கத்துல ஒரே வார்த்த, பல்லு. செல்லக்கனி நாக்கு தானாப் போயி கடவாய்ல இல்லாத ஒரு பல்லத் தடவிச்சு. முறுக்கு கடிக்கையில போச்சுன்னு தெருவுக்கு சொன்ன பல்லு. தொண்ணூறுல, பொறுக்கேன் அக்கா. டிக்கும் இல்ல பெருக்கலும் இல்ல. நூறு. நூத்தி ரெண்டு. கதையில இப்பம் கோட்டுக்காரன் அம்மா போட்டோவப் பாத்து அழப் போறான், திருந்துத இடம் வந்துக்கிட்டு இருக்கு, செல்லக்கனிக்குத் தெரியும், நூத்திப் பதினாறுல அழுவான். நூத்திப் பத்து பெருக்கல், நூத்திப் பதினொண்ணு பெருக்கல், பன்னெண்டு பெருக்கல். நூத்திப் பதிமூணுல ஒரு டிக்கு. நூத்திப் பதினாலுல ஒண்ணும் இல்ல.

ஒண்ணுமே இல்ல. பதினஞ்சு, பதினாறு, கோட்டுக்காரன் அழுதான், மூலை வெள்ளை. இருவது, இருவத்தஞ்சு, வெள்ளை. கடைசிப் பக்கத்துல அவ கேட்ட ஒரு வரியும் அதுக்குக் கீழ இவ எழுதுன நக்கலுந்தான் இருக்கு, நீலப் பேனாவுல, பளிச்சுன்னு, நேத்து எழுதுன மாதிரி. பதில் எழுதல அவ. நூத்திப் பதிமூணாம் பக்கத்து நாளு, கார்த்திகையா இருக்கும், நல்ல நாளுன்னு ஒரு டிக்கு போட்டுட்டு நிறுத்திருக்கா. போயிட்டாளோ. ஒரு துணிப் பைய எடுத்துக்கிட்டு, முக்காடு போடாம, அம்மா வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ பஸ் ஏறிருப்பாளோ, அதுக்குத்தான் அந்த டிக்கோ. போன நாள நல்ல நாளுன்னு போட்டிருப்பா, அப்படித்தான் இருக்கணும். அப்படி இல்லன்னா, நல்ல நாளா விடிஞ்ச நாளு நல்ல நாளா முடியல. அவ இல்லாத வீட்டுல இந்தப் புக்கு எதுக்குன்னு கட்டி எடுத்துட்டு வந்து போட்டிருக்கான் அவன். இல்ல, வீட்டுல எடத்த அடைக்குதுன்னு போட்டிருக்கான். அவன் இந்த மூலையெல்லாம் பாத்திருக்க மாட்டான். காதல் கதைய எந்த ஆம்பள பொரட்டிப் பாப்பான். அவ பஸ் ஏறுனாளா, ஏறலையா, ரெண்டுல எதுன்னு இந்த நூத்தி இருபத்தெட்டு பக்கத்துலயும் இல்ல. நாளைக்குத் துறைமுகத்துப் பக்கம் போயி செபஸ்தியான் வீடு எதுன்னு கேக்கணும், அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு செபஸ்தியான் இருப்பான், கதவு கதவா மாவு வேணுமான்னு கேட்டுக்கிட்டே போகணும். தொறக்கது அவளா இருந்தா எப்படித் தெரியும். மூஞ்சி தெரியாதே. விரல்ல மை இருக்கும். இருக்குமா.

பெருவிரல மாவுல முக்கி நீல எழுத்து மேல தடவுனா. உளுந்து மாவு நல்ல பசை, பக்கத்த அட்டையோட ஒட்டிட்டா ஒருத்தருக்கும் தெரியாது. பாதி தடவிட்டு நிறுத்துனா. இவ எழுதுனது மறைஞ்சா அந்தப் பிள்ளை கேட்டதும்லா மறையும். முந்தானையால ஒத்தி எடுத்தா, பேனா எழுத்து அசையல. நூல இழுத்து, நூலு எட்டல, வெடுக்குன்னு அத்துட்டு, நூத்திப் பதினாலாம் பக்கத்துக்குப் போனா, வெள்ளை மூலையில எழுதுனா. எழுத்து அஞ்சாங்கிளாஸுக்குப் போயிருச்சு. திருந்த மாட்டான். எங்க வீட்டுக்காரரும் திருந்தல. செத்துத்தான் போனாரு. பொறுக்காத, எறங்கி வந்துரு. சட்டத்த மீறி அதுக்குக் கீழ பேரு போட்டா, அவரு பேரு இல்ல, செல்லக்கனி, மாவு வீடு, பச்சைக் கதவு, தெருப் பேரும் போட்டா. அவ படிக்க மாட்டா. அட்டைய முடிச்சாச்சு. வேற எவளாச்சும் படிப்பா, முக்காடு போட்டவ, கழுத்து மூடுன ரவிக்க போட்டவ, தட்டெறியுத கோட்டுக்காரன் திருந்துவானான்னு பாக்க இந்த ரகமாத் தேடி எடுக்கவ. இவ எழுதி வச்ச நக்கலு இன்னும் எத்தன புக்குல கெடக்கோ. எல்லாத்தையும் எடுக்கணும். ஆவிக் கதையில இருந்து ஆரம்பிக்கணும்.

தீஞ்ச வாடை மாதிரி ஒண்ணு வந்த பொறவுதான் கிரைண்டர் ஞாபகம் வந்துச்சு. சுவிச்ச அமத்துனா. கல்லு நிக்கையில வீடே நின்னு போன மாதிரி இருந்துச்சு. மாவத் தொட்டா சுடுது, பொங்காமப் படிஞ்சு, பிசுக்குன்னு கெடக்கு, இட்லிக்கு ஆகாது. எட்டு வருசத்துல ஒரு ஈடு கெடுத்ததில்ல. வாசல்ல பொன்மதி தூக்குவாளியோட நிக்கா, எம்புட்டு நேரமா நிக்காளோ.

"யக்கா, கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், காது கேக்கலையா. கதையில முங்கிட்டியளோ."

"இன்னைக்கு மாவு இல்லட்டி. சூடேறிப் போச்சு."

"மாவு சூடேறுத அளவுக்கு அப்படி என்ன காதலு, நமக்கும் சொல்லுங்களேன்." பொன்மதி எட்டி அட்டையப் பாத்தா. "இதா. இதுல கடைசியில திருந்திருவாம்லா."

செல்லக்கனி புக்க மூடல. மூலையில எழுதுனது இன்னும் காயல.

"எப்படிக்கா இருக்கு, முடிஞ்சிருச்சா?"

"தெரியலட்டி. நூத்திப் பதிமூணாம் பக்கம் வரைக்குந்தான் வந்திருக்கா."

பொன்மதி வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா. செல்லக்கனி எதச் சொன்னாலும் சிரிச்சுப் பழகுன பிள்ளை அது.